என் பெயரில் நுழைந்தவர்

எஸ்.ஐ. அந்தக் காகிதத்தை மேசைமேல் விரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். நகத்தோரம் மை ஒட்டியிருந்தது.

"இந்த ரெஜினாங்கிறது நீங்கதானம்மா?"

"நான்தான் சார்."

"ஞாயித்துக்கிழமை காலைல இந்தப் படகுக்குச் சீட்டுப் போட்டிருக்கீங்க."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு சார். நான் அக்காள்மடத்துல ஒரு கல்யாணத்துல நின்னேன். பந்தியில கறிக்கொழம்பு ஊத்துனேன். ஊரே பாத்துச்சு."

"அப்ப உங்க பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல சார்."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"குடுத்திருந்தா நீங்க கூட்டாளி. குடுக்கலைன்னா நீங்களே செஞ்சது. ரெண்டுல எதுன்னு யோசிச்சு வைங்க. மறுபடி வாரேன்."

அவர் போன பிறகும் பைக் சத்தம் கடற்கரைச் சாலையில் வெகுதூரம் கேட்டது. வெளியே மீனுக்கு ஐஸ் உடைப்பவன் எதையும் அறியாமல் உடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பேர்

கல்யாணமாகி வந்த புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்த இடம் அது. ராமேஸ்வரம் தீவின் கரையில் ஒரு மீனவர் சங்கம். கடலுக்குப் போகும் படகுகள் முதலில் எங்களிடம் பதிய வேண்டும். எந்தப் படகு, எத்தனை பேர், என்ன வலை என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்போம். காலையில் நான். மதியத்துக்கு மேல் காளீஸ்வரி. மற்றவள் அதே அறையில் காகித வேலை பார்ப்பாள். அவரவர் பெயருக்கு அவரவர் பாஸ்வேர்டு. கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடுக்கடலில் போலீசார் ஒரு படகை மறித்திருக்கிறார்கள். உள்ளே மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை. அட்டை பிடிப்பதே குற்றம் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். படகில் இருந்தவர்கள் தண்ணீரில் குதித்து வேறு படகில் ஏறித் தப்பிவிட்டார்கள். படகுக்காரரோ, வாடகைக்கு விட்டேன், யார் ஓட்டினான் என்று தெரியாது என்று கைவிரித்துவிட்டார். மிஞ்சியது எங்கள் சங்கத்துச் சீட்டு ஒன்று. மீன்பிடிக்கப் போகிற படகுதான் என்று அதில் என் பெயர் சாட்சி சொன்னது.

அந்தப் பதிவேற்றும் பக்கத்தை இணையத்தில் எங்கிருந்தும் திறக்கலாம். பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தால் போதும். எந்த ஊரிலிருந்து, எந்த இயந்திரத்திலிருந்து என்றெல்லாம் அது காட்டாது. பெயரையும் நேரத்தையும் மட்டும் காட்டும். பெயர் என்னுடையது.

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேசாம கொஞ்ச நாள் லீவு போடும்மா. சங்கத்துக்கு அசிங்கமாப் போயிரும்."

"லீவு போட்டா நான்தான் செஞ்சேன்னு ஆயிரும் சார்."

அவர் லீவு விண்ணப்பத் தாளை என் பக்கம் நகர்த்தினார். அவரும் நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது.

வீட்டில் மாமியாரிடம் எதையும் மறைக்க முடியாது. அன்று சாயங்காலமே சேதி போய்விட்டிருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "ஏன்டி, போலீசு உன்னையத் தேடியா வந்துச்சு, இல்ல சும்மா வந்துச்சா?" சும்மா வந்தது என்றேன். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை வாய் சாப்பிடுகிறேன் என்று அளப்பதுபோல இருந்தது.

எனக்கு நானே எழுதியது

இந்த இடத்தில் பழைய சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ராமநாதபுரத்தில் கல்லூரியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். பிளைவுட் தடுப்புகள், வேர்வை நாற்றம், முன்னால் உட்கார்ந்தவனின் விரல் பிசுபிசுப்பு ஒட்டிய மௌஸ். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன். அடுத்த வாரம் போய் மெயிலைத் திறந்தால், என் முகவரியிலிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்திருந்தது.

"அக்கா, மெயிலை மூடாமப் போயிட்டீங்க. நான் மூடிட்டேன். ஒண்ணும் படிக்கல."

என் கூடப் படித்தவர்கள், எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கவில்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? நான் அக்கா என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? பல நாள் அந்தத் தெருவில் நடக்கும்போது எதிரில் வருகிற ஆண்களின் முகத்தை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

சந்தேகப்படுவது எனக்கு வரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதனால் எஸ்.ஐ. வந்து போன அன்றே அது வேலையைத் தொடங்கிவிட்டது.

துப்பட்டாவுக்குள் விரல்கள்

முதலில் நினைத்தது காளீஸ்வரியைத்தான்.

வேறு யாரை நினைப்பது? நான் எழுந்த நாற்காலியில் உட்காருகிறவள் அவள். நான் தட்டச்சும்போது பக்கத்தில் நின்று தலைவாருகிறவள் அவள். உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கணவனுக்கு ராமேஸ்வரத்தில் லாட்ஜில் வேலை என்பதால் தீவுக்கு வந்தவள். என் டிபனில் மீன் இருந்தால் அவள் கை நீளும். அவள் கொண்டுவரும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு என் கை நீளும்.

பாஸ்வேர்டை மாற்றினேன். அதன்பிறகு துப்பட்டாவைக் கீபோர்டின்மேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைவிட்டு அடித்தேன். காளீஸ்வரி அதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள்.

எனக்கு ஆறுதல் சொன்னவர் லாசர் சார் ஒருவர்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப்பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். தினமும் காலையில் சங்கத்துக்கு வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வார். பெஞ்சுப் பக்கச் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் மின்விசிறி ஓடியதால் சார் தன் ஒயரைக் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில்தான் சொருகுவார். எங்கள் மேசை அப்படிப் போட்டிருந்தது. வந்துபோகிறவர்களுக்குத் திரை தெரியக் கூடாது என்று செயலாளர் மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். திரை எங்களைப் பார்த்தது. பெட்டியின் முதுகு பெஞ்சைப் பார்த்தது.

"மனசுல குத்தமில்லாதவ எதுக்குத் தாயி பயப்படணும்?" என்றார் சார். பிறகு குரலைத் தணித்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பக்கத்துல உக்காந்திருக்கவுகளக் கொஞ்சம் கவனிச்சுக்க."

எனக்குள் ஓடியதையே அவரும் சொன்னார். பெரியவர் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் வந்துவிட்டது.

காளீஸ்வரி ஊரில் இல்லாத நாள்

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குக் காளீஸ்வரி குடும்பத்தோடு ஊருக்குப் போனாள். நான்கைந்து நாள் நான்தான் இரண்டு வேளையும் உட்கார்ந்தேன். அறையில் யாரும் இல்லாதபோதும் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டுதான் பாஸ்வேர்டை அடித்தேன்.

அவள் திரும்பி வருவதற்கு முந்தின நாள், என் பெயரில் பதிந்த படகுகளின் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில், நான் பதியாத படகு ஒன்று இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே பெயர். என் பெயர். புதுப் பாஸ்வேர்டு. அது என் மண்டைக்குள் மட்டும் இருந்தது. கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

காளீஸ்வரி இல்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை. அப்படியானால் யார், எங்கே நின்று பார்த்தார்கள்? மேற்கூரையைப் பார்த்தேன். சன்னலைப் பார்த்தேன். நாற்காலிமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பின்னால் கேமரா இருக்கிறதா என்று பார்த்தேன். பல்லிமுட்டை இருந்தது.

காளீஸ்வரி வந்ததும் அவளிடம் நேராகச் சொல்லிவிட்டேன். "உன்னையத்தான் சந்தேகப்பட்டேன்."

"தெரியும்க்கா," என்றாள். "நானும் உங்களத்தான் சந்தேகப்பட்டேன். நீங்களே போட்டுட்டு, பழிய எம்மேல தள்ளப் பாக்குறீகன்னு. அதான் வெளிய போயி உக்காந்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் துடைப்பத்தை எடுத்தாள். "வாங்க, மேசைய இழுங்க. எல்லாத்தையும் பாத்துருவோம்."

நடுவில் ஒரு துண்டு

மேசையை இழுத்தபோது தூசியும் பீடித்துண்டும் செத்த கரப்பான்களும் வந்தன. காளீஸ்வரி பெட்டியின் பின்னால் குனிந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

"அக்கா, இங்கன பாருங்க. இது நம்ம வாங்குனதா?"

கீபோர்டு ஒயர் நேராகப் பெட்டிக்குள் போகவில்லை. ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு மாட்டியிருந்தது. பெட்டியோடு பிறந்ததுபோல அவ்வளவு அமைதியாக இருந்தது. படம் எடுத்து அதே படத்தை வைத்து இணையத்தில் தேடினோம். விற்கிறவர்களே பெருமையாக விளக்கம் போட்டிருந்தார்கள். கீபோர்டில் அடிக்கிற ஒவ்வோர் எழுத்தையும் அது நினைவு வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியிலேயே வாசித்துக்கொள்ளலாம்.

துப்பட்டாவுக்குள் நான் மறைத்தது எல்லாம் ஒயர் வழியே நேராக அதற்குள் போயிருக்கிறது.

பிடுங்கி எறியக் கையை நீட்டினேன். காளீஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிடுங்காதீக. பிடுங்குனா வச்சவன் உசாராயிருவான். யாருன்னே தெரியாமப் போயிரும்."

"அப்ப என்ன செய்ய?"

அவள் அந்தத் துண்டை நோக்கித் தலையைச் சாய்த்தாள். "அதுக்குத்தான் காது இருக்குல்ல? அது காதுல ஏதாவது சொல்லுவோம்."

மானாமதுரை வக்கீல்

மேசையைப் பழையபடி தள்ளிவிட்டு, காலிப் பக்கம் ஒன்றைத் திறந்தோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். மானாமதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டேன், அடுத்த வாரம் வருகிறார், எனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் அவரிடம் சொல்லப்போகிறேன். யாருக்கோ எழுதுவதுபோல அடித்தேன். பிறகு சேமிக்காமல் அழித்துவிட்டேன்.

மானாமதுரை காளீஸ்வரியின் யோசனை. எங்கள் இருவருக்கும் அங்கே ஒரு ஈ எறும்பைக்கூடத் தெரியாது. அப்படி ஒரு வக்கீலே இல்லை. அவரைப் பற்றி அறையில் நாங்கள் வாயால் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. காகிதத்திலும் இல்லை. அந்தக் கறுப்புத் துண்டுக்குள் மட்டும்தான் அவர் இருந்தார்.

அடுத்த சில நாட்கள் காத்திருந்தோம். கதவைத் தள்ளி உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வாய் திறக்கும்போது நாங்கள் வேலையை நிறுத்திக் காதுகொடுத்தோம். செயலாளர் ஒருநாள் "வக்..." என்று ஆரம்பித்தார். காளீஸ்வரியின் கையில் இருந்த ஸ்டேப்ளர் நின்றுவிட்டது. "வக்கணையாப் பேசுறத விட்டுட்டு அந்தக் கூட்டத் தகவல அடிச்சுக் குடும்மா," என்று முடித்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஆள் வந்து, பிரிண்டரைத் துடைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். ஒன்றும் சொல்லாததே அவன்மேல் சந்தேகத்தைக் கூட்டியது.

அப்புறம் ஒரு காலை. கடல் காற்று பலமாக வீசியதால் படகுகள் போகவில்லை. அறையில் நானும் காளீஸ்வரியும், பெஞ்சில் லாசர் சாரும் மட்டும். பேப்பரை நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"தாயி, ஒண்ணு சொன்னாக் கேப்பியா?"

"சொல்லுங்க சார்."

"எதுன்னாலும் ஊருக்குள்ள பேசிக்கலாம். வெளியூரு வக்கீல் வரைக்கும் எதுக்குப் போகணும்? மானாமதுரைக்காரனுக்கு நம்ம கடக்கரைச் சங்கதி என்ன தெரியும்?"

நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். "யோசிக்கிறேன் சார்," என்றேன். காளீஸ்வரி குனிந்து, ஏற்கெனவே ஸ்டேப்ளர் அடித்த காகிதங்களுக்கு மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள்.

சார் தன் போனை எடுத்துப் பார்த்தார். அதன் ஒயர் மேசைக்குப் பின்னால் போயிருந்தது.

யார் யாரிடம் சாவி, யார் யாரிடம் பாஸ்வேர்டு என்று எத்தனை முறை எண்ணிப் பார்த்திருப்போம்! அவரிடம் இரண்டும் இல்லை. அதனால் அவர் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. தினமும் அந்தப் பெட்டியின் முதுகில் கைவைத்தவர் அவர் ஒருவர்தான்.

கைபேசித் திரை

மதியமே எஸ்.ஐ.யைப் போய்ப் பார்த்தோம். படத்தைக் காட்டினோம். நடந்ததைச் சொன்னோம். அவர் முதலில் என்னைப் பார்த்த பார்வை, இதுவும் நீ வைத்ததாக இருக்கலாமே என்பதுதான். ஆனாலும் மறுநாள் காலையில் சாதாரணச் சட்டையில் வந்து பெஞ்சில் லாசர் சார் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் கீபோர்டில் ஒரு வரி அடித்தேன். "இன்று காற்று அதிகம், படகுகள் போகவில்லை."

"சார், உங்க போனக் கொஞ்சம் குடுங்க," என்றார் எஸ்.ஐ.

லாசர் சார் உடனே கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறகு கொடுத்தார். திரையில் நான் அடித்த வரி இருந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்து இத்தனை நாளும் அவர் வாசித்தது பேப்பரை மட்டும் அல்ல.

"யாருக்காக சார்?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"மவனுக்குத்தான்," என்றார். "வினோ அட்டைக்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டான். சீட்டு இல்லாமப் படகு பிடிபட்டா உள்ள தூக்கி வச்சிருவாகன்னு அழுதான். அந்தச் சாமானும் அவன் வாங்கியாந்ததுதான். சொருகினது நான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன்னைய ஒண்ணும் பண்ண மாட்டாகன்னு நெனச்சேன் தாயி. அதுக்குத்தான் கல்யாணத்தன்னைக்குப் போடச் சொன்னேன். நீ பந்தியில நின்னத ஊரே பாத்துச்சுல்ல?"

அந்தப் பந்தியில் அவரும் உட்கார்ந்திருந்தார். என் கையால்தான் குழம்பு ஊற்றினேன். எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது என்னை அடித்ததுபோல வேறு எதுவும் அடிக்கவில்லை.

எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "வக்கீல்ங்கிறத இங்கிலீசு எழுத்துல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அடிச்சிருந்தே. பொய் எழுதுற கைதான் அப்படித் தடுமாறும்னு அப்பவே யோசிச்சிருக்கணும் நான்."

படலுக்கு அப்பால்

மகனைப் பிடித்தார்கள். சாரை விசாரித்து, வயதைப் பார்த்து ஜாமீனில் விட்டார்கள். சங்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டியை இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். பெஞ்சைத் தூக்கி வெளியில் போட்டார்கள். செயலாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கைபேசி அரட்டையை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்துவைத்து மஸ்கட்டில் இருக்கும் என் கணவருக்கு எழுதுவேன். வீட்டில் பேச முடியாது. தடுப்புச் சுவர் மெல்லியது. பெரிய கீபோர்டில் அடித்தால் மனசில் இருப்பது தடையில்லாமல் வரும். மாதக்கணக்கில் அப்படி எழுதியிருக்கிறேன்.

எஸ்.ஐ.யிடம் போய்க் கேட்டேன். "அந்தப் போன்ல பாஸ்வேர்டு தவிர வேற என்ன சார் இருந்துச்சு?"

"நெறைய இருந்துச்சும்மா. எங்களுக்கு வேண்டியத மட்டும்தான் எடுத்தோம்," என்றார். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார்.

அதன்பிறகு, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினாலும் என் கதைதானோ என்று தோன்றியது.

ஒருநாள் சாயங்காலம் லாசர் சாரின் மனைவி பிலோமினா பெரியம்மா வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாசல் படலுக்கு வெளியிலேயே நின்றார். முற்றத்தில் மாமியார் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அவருக்கு சுகர் ஏறிக் கெடக்கு தாயி. கோர்ட்டுல கூப்பிட்டா, பாத்துச் சொல்லு."

"நான் கண்டதத்தான் பெரியம்மா சொல்லுவேன்."

"சரிதான். வேற என்னத்தச் சொல்லச் சொல்லுவேன் ஒன்னைய?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகத் திரும்பியவர் மனசு கேளாமல் நின்று, படலுக்கு மேலாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். அவர் உள்ளங்கை சூடாக, சொரசொரப்பாக இருந்தது. நடிப்பில்லாத பரிவு அது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"ரெண்டாவதும் தங்கலைன்னு மனச விட்றாத தாயி. மாதா இருக்கா. ஒம் புருசன்கிட்டயும் எழுதி எழுதி அழுவாத. அங்கன தனியாக் கெடக்காரு மனுசன்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

இரண்டாவது கரு கலைந்தது என் கணவருக்கும் எனக்கும் ராமநாதபுரத்து டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும். மாமியாருக்கு முதலாவதே தெரியாது.

முற்றத்தில் செதில் உரசும் சத்தம் நின்றிருந்தது.

"ரெண்டாவதா?" என்றார் மாமியார்.